பாதையை மீட்டுத் தரும் படம்

கேள்வி:
மோட்டார் சைக்கிளில் சென்ற நெடும்பயணங்களில், எந்தப் படத்தைப் பார்த்தால் அந்தச் சாலை முழுவதும் உங்கள் நினைவில் மீண்டும் விரிகிறது?

மறுமொழி 1:
இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில், ஏறத்தாழ 2,757 மீட்டர் உயரத்தில் நான் எடுத்த படம்தான். வடக்குச் சரிவின் 48 கொண்டை ஊசி வளைவுகளில் பல, அவிழ்ந்த நூலைப்போலக் கீழே கிடக்க, சுவர்மேல் கழற்றி வைத்த என் கையுறைகள் ஓரத்தில் தெரிகின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம் விரல்களை விறைக்கச் செய்த அந்தக் காலைக் குளிர் திரும்பி வருகிறது.

மறுமொழி 2:
அந்தக் கையுறைகளே படத்திற்கு உயிர் என்று கருதுகிறேன். அகலக்கோண லென்ஸ் தொலைவிலுள்ள மலைகளைச் சிறுத்துக் காட்டுவதால், நான் வண்டியிலிருந்து வெகுவாகப் பின்வாங்கி, நீண்ட குவியத் தூரத்தில், அதாவது தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில், சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் எடுப்பேன்.

கேட்டவர்:
நன்றி. என்னிடமிருப்பது மழையில் மங்கிய ஒரு படம். ஆயினும், உடன் வந்த தம்பி அதில் சிரிப்பதால், அதையே பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன்.