1935 புளோரிடா புயல்: படைவீரர்கள் சாவுக்கு யார் பொறுப்பு?

கதிரவன்:
1935 செப்டம்பர் 2 அன்று புளோரிடா கீஸ் தீவுகளைத் தாக்கிய புயலில், முதல் உலகப் போரில் போரிட்ட வீரர்கள் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். நெடுஞ்சாலைப் பாலம் கட்ட அரசு அவர்களை அங்கே முகாம்களில் தங்க வைத்திருந்தது. அரசு விசாரணையோ ‘கடவுள் செயல்’ என்று முடித்துக்கொண்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

நெய்தல்:
அன்றைய நிலைமையையும் பாருங்கள் நண்பரே. ரேடார் கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. கப்பல்கள் சொல்லும் தகவலை வைத்துத்தான் புயல் எங்கே இருக்கிறது என்றே கணித்தார்கள். புளோரிடாவுக்கும் கியூபாவுக்கும் நடுவிலுள்ள நீரிணை வழியாகப் போய்விடும் என்று நம்பினார்கள். காற்றழுத்தம் குறையக் குறையப் புயல் கடுமையாகும்; இது கரையேறியபோது 892 மில்லிபார்! அமெரிக்காவில் கரையேறிய எந்தப் புயலிலும் இதைவிடக் குறைவாகப் பதிவானதில்லை.

கதிரவன்:
இவ்வளவு பெரிதாகும் என்று தெரியாது, சரி. புயல் வருவது தெரியுமே? ஞாயிறே எச்சரிக்கை வந்துவிட்டது. தீவு கடல்மட்டத்துக்குச் சில அடிதான் உயரம், ஆட்கள் படுத்திருந்தது கூடாரத்திலும் பலகைக் கொட்டகையிலும். அப்படியிருந்தும் அவர்களை வெளியேற்ற திங்கள் பிற்பகலில்தான் ரயில் கேட்டார்கள். மயாமியை விட்டுக் கிளம்பும்போதே மாலை நாலேகால் தாண்டிவிட்டது.

நெய்தல்:
அன்று தொழிலாளர் தின விடுமுறை. வழியில் படகுகளுக்காகத் தூக்குப்பாலம் திறந்திருந்ததால் காத்திருந்தார்கள், ஹோம்ஸ்டெட் ஊரில் எஞ்சினை ரயிலின் பின்பக்கம் மாற்றினார்கள். உயிரைப் பணயம் வைத்துப் போன ரயில்காரர்களைக் குறை சொல்லாதீர்கள்.

கதிரவன்:
அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இஸ்லாமொராடா போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டுக்கு மேல். கடல் எழும்பி வந்து பெட்டிகளைப் புரட்டிவிட்டது, எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. தெற்கே லோயர் மட்டகம்பி தீவின் முகாம்களில் இருந்தவர்களுக்கு அந்த ரயில் வரவே இல்லை.

மலர்விழி:
இவர்களில் சிலர், 1932-இல் போரில் பணியாற்றியதற்கான போனஸை உடனே கேட்டு வாஷிங்டனில் கூடாரமடித்து, ராணுவத்தால் விரட்டப்பட்டவர்கள். அப்புறமும் தலைநகருக்கு வந்தவர்களைத்தான் வேலை தருகிறோம் என்று தெற்கே அனுப்பினார்கள். போனஸ் சட்டம் நிறைவேறியது 1936 ஜனவரியில். புயல் முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

நெய்தல்:
அது கொடுமைதான் சகோதரி. ஆனால் கடலை நன்றாக அறிந்த உள்ளூர்க் குடும்பங்களும் செத்தனவே? அவர்களே தப்பவில்லை என்றால் அதிகாரிகளை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

கதிரவன்:
உள்ளூர்க்காரர்கள் சொந்த வீட்டில் இருந்தார்கள். போவதா இருப்பதா என்று அவர்களே முடிவு செய்தார்கள். வீரர்களைப் புயல் மாதத்தில் அங்கே கொண்டுபோய் வைத்தது அரசு. ரயிலை எப்போது கூப்பிடுவது என்று முடிவு செய்ததும் அதே அரசின் ஆட்கள்தான்.

நெய்தல்:
கொலை என்று சொன்னால் ஏற்க மாட்டேன். ஆனால் ஞாயிறே ரயிலைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை.