தார் பாலைவனச் சாலைப் பயணம்: எங்கே தங்கினீர்கள், என்ன உண்டீர்கள், எது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை?

தேரிக்காட்டான்:

ஜோத்பூர், பொக்ரான், ஜெய்சல்மேர், சம் என்று எல்லோரும் செல்லும் வழியில்தான் நாங்களும் சென்றோம் என்பதால் வழி விவரங்களை எழுதப் போவதில்லை. சம் மணற்குன்றுகளின் அருகே நாங்கள் தங்கிய கூடார விடுதியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

இரவு உணவுக்கு முன், நடுவில் மூட்டிய தீயைச் சுற்றி விருந்தினர்கள் அமர்ந்திருக்க, மாங்கணியார் இசைக்குழுவினர் பாடத் தொடங்கினார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் கமாய்ச்சா என்ற நரம்பிசைக் கருவியின் மீது வில்லை இழுத்தபோது எழுந்த கனத்த, சற்றே கரகரத்த ஒலி கூடாரங்களைத் தாண்டிப் போயிற்று. பக்கத்தில் பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் கர்தால் கட்டைகளை இரு கைகளிலும் விரல் தெரியாத வேகத்தில் தட்டிக் கொண்டிருந்தான். பாட்டு மெல்ல மேலேறிக் கொண்டிருந்த வேளையில் விருந்தினர் ஒருவர் திரைப்பாடல் போடுமாறு குரல் கொடுக்க, விடுதிப் பணியாளர் உடனே ஒலிபெருக்கியை முடுக்கிவிட்டார். பெரியவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. முதலில் வில்லைச் சிவப்புத் துணியில் சுற்றினார்; பிறகு ஆட்டுத்தோல் போர்த்திய குடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்து, கமாய்ச்சாவை உறையில் இட்டார். அந்தச் சிறுவன் மட்டும் கட்டைகளைக் கீழே வைக்காமல், மறுபடி அழைப்பார்கள் என்று எங்கள் பக்கமே பார்த்துக் கொண்டிருந்தான். நான் எழுந்து சென்று ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னேன். அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

மாங்கணியார்கள் இசுலாமியர்கள், ஆனால் அவர்களை ஆதரித்து வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை இந்து ராஜபுத்திரக் குடும்பங்கள். அந்த வீடுகளின் பிறப்பு, திருமணம் எல்லாவற்றுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தவர்கள் இவர்கள். அவர்களை ஒரு கால் மணி நேரத்துக்குள் அடைத்து, அதையும் பாதியில் வெட்டும் இடத்தில் யாரும் தங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கொங்குநாடன்:

தேரிக்காட்டான் ஐயாவின் வருத்தம் நியாயமானது. ஆனால் ஒரு விடுதியைக் கொண்டு சம் முழுவதையும் ஒதுக்கிவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெய்சல்மேரிலிருந்து சம் 40 கிலோமீட்டர் தொலைவுதான்; சாலையும் நன்றாக இருக்கிறது. முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோருக்குக் கட்டிலும் வெந்நீரும் ஒட்டிய கழிப்பறையும் உள்ள கூடாரம் பெரிய ஆறுதல் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாங்கள் தங்கியது தென்மேற்கே உள்ள குரி கிராமத்தில். சாணமிட்டு மெழுகிய தரையும் புல் வேய்ந்த கூரையும் கொண்ட வட்டக் குடிசை அது. சனவரி இரவு. வீட்டு அம்மா கேட்காமலேயே மூன்றாவது ரஜாயை, அதாவது பஞ்சுப் போர்வையை, கொண்டுவந்து என் தாயாரின் கால்மாட்டில் மடித்து வைத்து, அதன் நுனியைப் பாதங்களுக்குக் கீழே செருகிவிட்டுப் போனார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகும் என் தாயார் அந்த அம்மாவைப் பற்றித்தான் பேசுகிறார்.

புதிதாகச் செல்வோருக்குச் சில செய்திகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இப்பயணத்துக்கு ஏற்ற காலம். வழியில் உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியசு பதிவாயிற்று. இந்தியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை அதுதான் என்பதை மனத்தில் கொண்டு, கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் கிளம்ப நினைப்போர் எண்ணத்தை மாற்றிக் கொள்வது நல்லது. குளிர்காலத்திலோ பகலில் அரைக்கைச் சட்டை போதும், இரவில் கம்பளி இல்லாமல் முடியாது. கூடாரத்துக்குப் பணம் செலுத்தும் முன், அது மணற்குன்றிலிருந்து எவ்வளவு தொலைவு, ஒலிபெருக்கி எந்த நேரத்தில் நிறுத்தப்படும், ஒட்டகச் சவாரிக்குத் தனிக் கட்டணமா, மின்னாக்கி கூடாரத்துக்கு அருகில் இருக்கிறதா என்பவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். பிப்ரவரியில் பாலைவனத் திருவிழா நடைபெறும் நாட்களில் அறை கிடைப்பது அரிது.

மாங்கணியார் இசையைத் தடையின்றிக் கேட்க விரும்புவோர் ஜெய்சல்மேருக்குக் கிழக்கே உள்ள ஹமீரா கிராமத்தைக் கேட்டறிந்து செல்லலாம். கமாய்ச்சா மேதை சாகர் கானின் ஊர் அது. அவருக்கு 2012இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. அக்டோபரில் செல்வோர், ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில் முழுநிலவை ஒட்டி நடைபெறும் நாட்டார் இசை விழாவையும் விசாரித்துக் கொள்ளட்டும்.

பொன்னிக்கரை:

கூடாரமா, குடிசையா என்ற வாதத்துக்கு நடுவே கோட்டைக்குள் தங்குவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜெய்சல்மேர் கோட்டை 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பியது. இன்றும் மக்கள் குடியிருக்கும் கோட்டை. மஞ்சள் மணற்கல் சுவர்களுக்குள் ஓர் இரவாவது தூங்க வேண்டும் என்ற ஆசையில் பலரும் அங்கே அறை எடுக்கிறார்கள். நாங்கள் அறை பார்க்கச் சென்ற சந்தில், வாசலில் அமர்ந்து பயறு புடைத்துக் கொண்டிருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தன் வீட்டுச் சுவரின் அடிப்பாகத்தில் வைத்தார். பாலைவனத்தின் நடுவில், மாதக்கணக்கில் மழையே இல்லாத ஊரில், அந்தக் கல் ஈரமாக இருந்தது. மேலே உப்புப் பூத்து, விரல் பட்ட இடத்தில் மாவாக உதிர்ந்தது. அடுத்த கட்டடம் விடுதி என்பதை அவர் கண்ணாலேயே காட்டினார்.

குடத்தில் சுமந்து வந்த தண்ணீரைக் கணக்குப் பார்த்துச் செலவிட்ட காலத்துக்கு ஏற்பக் கட்டிய கோட்டை அது. குழாய் நீரும் விருந்தினர் குளியலறைகளும் பெருகிய பிறகு, கசியும் கழிவுநீர் குன்றின் களிமண் அடுக்குகளை இளக்கிவிட்டது. கொத்தளங்கள் சில சரிந்துள்ளன. 2013இல் யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பின்னரும் இந்த ஆபத்து நீங்கிவிடவில்லை. கோட்டையின் அடிவாரத்திலேயே நல்ல அறைகள் கிடைக்கின்றன. அங்கே தங்கி, விடியற்காலையில் நடந்து மேலேறி, சமணக் கோயில்களின் தூண்களைக் கூட்டம் சேரும் முன் பார்த்துவிட்டு இறங்குங்கள். மாடியிலிருந்து கோட்டையைப் பார்க்கும் காட்சி கீழே தங்கினால்தான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நெல்லைச் சீமை:

எனக்கு நினைவில் நிற்பது உணவுதான். பலோடியைத் தாண்டிப் பொக்ரான் செல்லும் வழியில் ஒரு தாபாவில் கம்பு ரொட்டியும் கேர் சாங்ரியும் உண்டோம். கேர் என்பது முட்புதரில் காய்க்கும், சுண்டைக்காயைப் போன்ற சிறிய காய். கசப்பு நீங்க அதை உப்பு நீரிலோ மோரிலோ நாட்கணக்கில் ஊறவைத்து, பிறகு உலர்த்தி வைத்துக் கொள்கிறார்கள். சாங்ரி எந்தச் செடியின் காய் என்று சமையல்காரரிடம் கேட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, எங்கள் வண்டி நின்ற நிழலையே சுட்டிக் காட்டினார். அண்ணாந்து பார்த்தால் வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நாம் வலம் வரும் அதே வன்னி. விசயதசமியன்று சுவாமி அம்பு எய்யும் அதே மரம். அதன் நெற்றை இவர்கள் பிஞ்சிலேயே பறித்து, காயவைத்து, ஆண்டு முழுவதும் சமைக்கிறார்கள்; தழையை ஒட்டகமும் ஆடும் தின்கின்றன. பிறந்தது முதல் பார்த்து வந்த மரம் உண்பதற்கும் உரியது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ராசசுத்தானத்தின் மாநில மரமும் இதுவே. 1730இல், அரண்மனைக்கு விறகுக்காக இம்மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அம்ருதா தேவியின் தலைமையில் பிசுனோய் மக்கள் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்தபடியே உயிர் துறந்த கேஜர்லி கிராமம் ஜோத்பூரிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான தொலைவில்தான் இருக்கிறது. நாம் மெஹ்ரான்கரைப் பார்த்ததும் நேராக ஜெய்சல்மேருக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறோம். கேஜர்லிக்குச் சென்று ஒருமுறை தலைவணங்கிவிட்டு வாருங்கள் என்று கேட்டுக் கொள்கிறேன்.

தால் பாட்டி சூர்மா எங்கும் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். ஆனால் பட்டியலில் கேர் சாங்ரியோ, ஐந்து பாலைவனக் காய்கள் சேர்ந்த பஞ்ச்கூட்டாவோ இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். தண்ணீர் அதிகம் சேராத சமையல் என்பதால் மறுநாள் வரை கெடாது. வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொண்டும் போகலாம்.

வைகைக்கரை:

தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்ததால் குல்தராவைச் சொல்ல வேண்டும். ஜெய்சல்மேரிலிருந்து சம் செல்லும் வழியில், சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கும் கைவிடப்பட்ட பாலிவால் பிராமணர் கிராமம். திவான் சலீம் சிங்கின் கொடுமைக்கு அஞ்சி ஊரே ஒரே இரவில் வெளியேறியது, சாபம் இட்டது, பேய் உலவுகிறது என்றுதான் அங்கே சொல்வார்கள். எங்களுடன் வந்த இளைஞர்கள் பேயைத் தேடி இடிந்த வீடுகளுக்குள் கூச்சலிட்டுக் கொண்டு ஓடியது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. நீர் வற்றிப் போனதே ஊர் தேய்ந்ததற்கு முதன்மைக் காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த மக்களின் அறிவைப் பார்க்க வேண்டுமானால் சுற்றுப்புறத்தில் உள்ள கடீன்களைக் காட்டச் சொல்லுங்கள். சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் நீண்ட மண்கரை கட்டி மறிக்கிறார்கள். தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கியதும், அந்த ஈரத்தை நம்பியே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். அறுவடை வரை வேறு பாசனம் கிடையாது. கண்மாய்க் கரையில் வளர்ந்த எனக்கு அந்தக் கரையின் மேல் நடந்தபோது, மடை எங்கே என்று கால் தானாகத் தேடியது. மேடான பகுதியில் நின்று பார்த்தால் கரைக்கு இந்தப் பக்கம் பசுமையும் அந்தப் பக்கம் பொட்டலுமாக இருந்தது. பேய்க்கதைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

நெய்தல்:

நாங்கள் ராம்கர் வழியாகத் தனோட் சென்றோம். ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். 1965 போரில் வெடிக்காமல் போன குண்டுகளைத் தனோட் மாதா கோயிலில் வைத்திருக்கிறார்கள்; எல்லைப் பாதுகாப்புப் படையினரே கோயிலைப் பராமரிக்கிறார்கள். கோயிலுக்கு வெளியே நாங்கள் பேசிக் கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு வீரர் அருகில் வந்தார். “எங்க ஊர்ப் பக்கம் மழை உண்டாண்ணே?” என்று கேட்டார். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். மழை பெய்ததாகக் கேள்விப்பட்டதைச் சொன்னேன். எந்தப் பக்கம், எவ்வளவு, ஊருணி நிறைந்ததா என்று அடுத்தடுத்துக் கேட்டுக் கொண்டே போனார். எனக்குத் தெரிந்தது அவருக்குப் போதவில்லை. பணிக்கு அழைப்பு வந்ததும் கையை அழுத்திப் பிடித்துவிட்டுச் சென்றார்.

அங்கிருந்து லோங்கேவாலாவுக்கு மணலுக்கு நடுவே ஒற்றைச் சாலை. 1971 டிசம்பர் 4 இரவில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் சுமார் 120 வீரர்கள் பாகிசுத்தான் தாங்கிகளின் (டாங்குகளின்) படையெடுப்பை விடியும் வரை தடுத்து நின்ற இடம்; பொழுது விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் போர் விமானங்கள் வந்து சேர்ந்தன. கைப்பற்றிய தாங்கிகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

வண்டி ஓட்டுவோர் கவனத்துக்கு. ராம்கரிலேயே எரிபொருளை முழுமையாக நிரப்பிக் கொள்ளுங்கள். ஆளுக்கு நாலைந்து லிட்டர் குடிநீர் வண்டியில் இருக்கட்டும். கைப்பேசி இணைப்பு பல இடங்களில் அற்றுவிடும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். காற்று வீசும் நாட்களில் மணல் சாலையின் குறுக்கே மேடு கட்டிவிடும். வேகத்தைக் குறைக்காமல் ஏறினால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். ஓரம் கட்டுகிறேன் என்று தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். சக்கரம் புதைந்துவிட்டால் விசையை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகவே இறங்கும். சக்கரங்களில் காற்றைக் குறைத்து, அவற்றின் பின்னால் உள்ள மணலைக் கையால் விலக்கி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். சூரியன் மறைந்த பிறகு இச்சாலைகளில் ஓட்டவே வேண்டாம். ஒட்டகத்தின் கால்கள் மெலிந்தவை, உடல் முகப்பு விளக்கின் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும். நெருங்கும் வரை கண்ணுக்குத் தெரியாது.

மலைச்சாரல்:

நெய்தல் அவர்களின் அறிவுரைகள் அனைத்தும் சரி. ஆனால் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டும் முறையைப் படிப்பவர்கள் அதையே குன்றுகளில் வண்டியை ஏற்றுவதற்கான வழிகாட்டியாக எடுத்துக் கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். சம், குரி ஆகிய ஊர்களை ஒட்டிப் பரந்து கிடப்பது 3,162 சதுர கிலோமீட்டர் பாலைவனத் தேசியப் பூங்கா. கானமயிலுக்கு எஞ்சியிருக்கும் முக்கியமான வாழிடம் அதுதான். காட்டில் வாழ்பவை 150க்கும் குறைவு. வெறுந்தரையில் ஒரே ஒரு முட்டை இடும் பறவை. வண்டிச் சக்கரம் எந்த இடத்தில் உருண்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பூங்காவில் உள்ள சுதாசரியில் ஒரு காலைப்பொழுதில் வனத்துறை ஊழியர் தொலைநோக்கியை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார். சேவன் புல்லுக்கு மேலே வெண்மையான நீண்ட கழுத்தும் கருந்தொப்பி அணிந்த தலையும் தெரிந்தன. நடை அவ்வளவு நிதானம். பிறகு அது கனத்த சிறகுகளை அடித்து எழும்பி, தாழ்வாகவே பறந்து, தொலைவில் இருந்த மின்கம்பிகளை நோக்கிப் போயிற்று. பக்கத்தில் நின்ற ஊழியர் தம் மொழியில் எதையோ முணுமுணுக்கத் தொடங்கினார்; அது கம்பிகளைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கிய பிறகுதான் நிறுத்தினார். முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்க இயலாத கண்ணமைப்பும் உடல் எடையும் சேர்ந்து, கம்பியைக் கண்டு விலகுவதற்குள் மோதிவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 2021இல் இந்த மின்கம்பி வழித்தடங்களை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டு, 2024இல் அதைத் திருத்தி, வல்லுநர் குழு ஒன்றிடம் பொறுப்பை அளித்தது. நெல்லைச் சீமை அவர்கள் சொன்ன வன்னி மரங்களும் சூரிய மின் நிலையங்களுக்காக வெட்டப்படுவதாகப் பிகானேர் பகுதி மக்கள் போராடி வருகிறார்கள். நமக்குச் சூரிய மின்சாரம் கட்டாயம் வேண்டும். அது எந்த வழியாக வர வேண்டும் என்பதில்தான் கருத்து மாறுபாடு.

சுதாசரிக்குச் செல்ல விரும்புவோர் ஜெய்சல்மேரில் உள்ள பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். முதல் வெளிச்சத்தில் உள்ளே இருக்கும்படி கிளம்புங்கள். குறிக்கப்பட்ட தடத்தை விட்டு வண்டியை இறக்காதீர்கள். பறவை தென்பட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலிருந்தே பாருங்கள்.