பச்சையில் போனேன், ஆம்புலன்ஸ் இடித்தது: தப்பு யார் மேல்?

கோவை_பைக்கர்:
லட்சுமி மில்ஸ் சிக்னல், எனக்குப் பச்சை. வலப்பக்கம் ஒரு டவுன் பஸ் மறைத்து நின்றது. சைரன் கேட்டது, எந்தத் திசை என்று புரிவதற்குள் பின்சக்கரத்தில் இடி. கீழே கிடந்தபடி பார்க்கிறேன், ஆம்புலன்ஸ் பின்கதவு திறக்கிறது. உள்ளே ஒரு அம்மா குளுக்கோஸ் பாட்டிலை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, "அப்புறமா சண்டை போடுங்கப்பா, இவருக்கு மூச்சு வாங்குது" என்றார். வேறு வண்டி வந்துதான் அந்த நோயாளியைக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: சைரன் கேட்டதா, இல்லையா? சிவப்பில் வந்த வண்டி வேகத்தைக் குறைத்ததா என்று யாருமே கேட்கவில்லை. அந்த மனிதர் பிழைத்தாரா என்று இன்றுவரை தெரியாது.

108_பைலட்:
சைரன் கேட்டதா என்ற கேள்வியில் தப்பில்லை தம்பி. நான் 108 பைலட், அதாவது ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பின்னால் இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) நின்றுகொண்டே நோயாளியின் நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுப்பார். நான் சடன் பிரேக் அடித்தால் அவர் போய்க் கம்பியில் மோதுவார். வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஈ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைகூட உண்டு. ஆனாலும் சிவப்பில் நான் ஊர்ந்துதான் போவேன், பஸ் மறைத்தால் நின்று எட்டிப் பார்ப்பேன். அந்தப் பைலட் அதைச் செய்யவில்லை என்றால் அவர் பக்கம் நான் பேச மாட்டேன்.

மதுரை_மாருதி:
என் கதை வேறு. ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஸ்டாப் லைனைத் தாண்டி ஒதுங்கினேன். குறுக்கே பச்சையில் வந்த ஸ்கூட்டர் என் கதவில் மோதியது. ஆம்புலன்ஸ் போய்விட்டது, சாட்சி சொல்ல ஆளில்லை.

கேஸ்கட்டு:
2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைப்படி அவசர வண்டி சிவப்பைத் தாண்டலாம், ஆனால் உரிய கவனத்தோடுதான். பைலட் அண்ணன் சொன்ன அபராதம் வழிவிடாதவருக்கு. மோதியது யார் தப்பு என்பதை அது முடிவு செய்யாது. சைரன், சுழல்விளக்கு இரண்டும் ஓடினவா, உள்ளே நோயாளி இருந்தாரா, சந்திப்பில் வேகம் என்ன, எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தப்பை இரண்டு பேர் மேலும் சதவீதம் போட்டுப் பிரிக்கும், உங்கள் பங்கு உங்கள் இழப்பீட்டில் கழியும். ஆனால் உள்ளே இருந்த நோயாளிக்குக் கழியாது. அவர் தப்பு எதுவுமில்லையே. இரண்டு வண்டியில் எதனிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையும் கேட்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பைக்கர் தம்பி, எஃப்ஐஆர் நகல், ரஃப் ஸ்கெட்ச் (விபத்து இடத்தைப் போலீஸ் வரைந்த படம்), எம்விஐ ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை) மூன்றையும் வாங்குங்கள். ஸ்கெட்ச்சில் அந்த பஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்துக் கடை சிசிடிவியை இன்றே கேளுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துவிடும். இழப்பீட்டு மனு போடச் சட்டத்தில் உள்ள கெடு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்.

கோவை_பைக்கர்:
ஸ்கெட்ச் பார்த்தேன். பஸ் இல்லை. மூலைக் கடையில் கேமரா இருக்கிறது, போய்க்கொண்டிருக்கிறேன்.