நிறவெறிக்கு எதிரான போராட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் இறங்கலாமா?

வேலுத்தம்பி:
நிறவெறியை யார் எதிர்த்தாலும் நான் அவர் பக்கம்தான். ஆனால் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தியதைப் பெருமையாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காமில், கறுப்பினத்தவரை ஒதுக்கிவைக்கும் நிறப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போன கறுப்பினப் பள்ளி மாணவர்கள்மீது தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், நாய்களை ஏவினார்கள். நூற்றுக்கணக்கில் சிறையில் அடைத்தார்கள். கறுப்பினத்தவருக்காகக் கடுமையாகக் குரல் கொடுத்த மால்கம் எக்ஸே அப்போது இதைக் கண்டித்தார். பெரியவர்கள் சுமக்க வேண்டியதைப் பிள்ளைகள் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்?

கயல்:
பார்பரா ஜான்ஸ் தலையில் யார் ஏற்றினார்கள்? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் ஊர், 1951 ஏப்ரல் 23, அவளுக்கு வயது 16. கறுப்பினப் பிள்ளைகளுக்கான அவளது பள்ளி 180 பேருக்குக் கட்டியது, படித்ததோ 450க்கும் மேல். மிச்சப் பேருக்குத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள். மழை வந்தால் உள்ளே ஒழுகும். பெற்றோர் புதுக் கட்டடம் கேட்டுப் பார்த்தார்கள், நிர்வாகம் இழுத்தடித்தது.

அன்று மாணவர்கள் ஒரு போன் செய்து தலைமையாசிரியரை வெளியே கிளப்பினார்கள். அவர் பெயரில் சீட்டு அனுப்பி எல்லோரையும் அரங்கில் கூட்டினார்கள். திரை விலகியபோது மேடையில் நின்றது பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு வேலைநிறுத்தம் அறிவித்தாள். அந்த வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்த வழக்குதான் பிற்பாடு உச்ச நீதிமன்றத்தில் பிரவுன் என்பவரின் வழக்கோடு சேர்ந்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் தீர்ப்பு வந்தது.

வேலுத்தம்பி:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மிரட்டலுக்குப் பயந்து அவளை மான்ட்கமரியில் மாமா வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. அப்புறம், சேர்ந்து படிக்க விடுவதற்குப் பதில் அந்த மாவட்டம் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடிவிட்டது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு அந்த ஐந்து வருடப் படிப்பு போனது போனதுதான்.

கயல்:
பள்ளியைப் பூட்டியது நிர்வாகம், பார்பரா இல்லை. அந்தப் பழியை அவள் கணக்கில் எழுதாதீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வேலுத்தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வகுப்பில் உட்காரும் பிள்ளை அடிபடுவதை எந்த ஆசிரியராலும் சகிக்க முடியாது. ஆனால் பர்மிங்காமில் பெரியவர்கள் நிலைமையையும் பாருங்கள். ஊர்வலத்தில் போனால் மறுநாள் வேலை போய்விடும், வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளைகளுக்கு இழக்க வேலை இல்லை என்பதால்தான் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பெவல் அவர்களைத் திரட்டினார். கிங்கே முதலில் தயங்கினார். மே 10ஆம் தேதி, கடைகளில் பிரிவினையை நீக்க நகரத்தின் வணிகத் தலைவர்களோடு உடன்பாடு வந்தது. பிள்ளைகள் இறங்காமல் அது வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கயல்:
ஊர்வலம் மட்டும்தான் வழி என்றும் இல்லை. 2020 மே 25, மினியாபோலிஸ். கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை போலீஸ்காரர் முழங்காலால் அழுத்தியபோது 17 வயது டார்னெல்லா ஃபிரேசியர் செல்போனில் படம் பிடித்தபடி அங்கேயே நின்றாள். போலீஸின் முதல் அறிக்கை அந்தச் சாவை ஒரு மருத்துவச் சம்பவம் என்றது. அந்த வீடியோ இல்லையென்றால் அதுதானே நிலைத்திருக்கும்?

வேலுத்தம்பி:
அவள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னும் ஏதாவது செய்திருக்கலாமே என்று ஃபிளாய்டிடம் மன்னிப்புக் கேட்டபடி பல இரவுகள் விழித்திருந்தாளாம். குற்றம் செய்தவன் வேறொருவன், தூக்கம் போனது அந்தச் சிறுமிக்கு. நான் கேட்பதும் இதைத்தான். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நியாயமான கேள்வி. ஃபார்ம்வில் மாணவர்கள் உதவி கேட்டு எழுதியபோது ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரண்டு வக்கீல்கள் வந்தார்கள். பள்ளிக்குத் திரும்பச் சொல்லும் எண்ணத்தோடுதான் வந்தார்கள். பிள்ளைகளின் உறுதியைப் பார்த்து மனம் மாறினார்கள். ஆனால் பெற்றோர் உடன் நிற்க வேண்டும், புதுக் கட்டடம் கேட்டு அல்ல, பிரிவினையையே எதிர்த்து வழக்குப் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பெரியவர்களின் இடம் அது என்பேன்.

வேலுத்தம்பி:
அப்படி நின்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பர்மிங்காம் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.