முயல் வளர்க்கிறவர்களே, தெருப்பூனையால் உங்களுக்கு என்ன ஆச்சு?

ராயபுரம் மாடிவீடு:
கூண்டுக்குள் பூனை நுழையவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மொட்டை மாடியில் கோழி வலை அடித்த கூண்டு, எல்லாரும் வைத்திருப்பதுதான். விடிவதற்கு முன்னால் டொம் டொம்மென்று சத்தம், முயல் பின்னங்காலால் பலகையைத் தட்டுமே, அது. ஏறிப் போனால் ஒரு கடுவன் கூண்டு மேலேயே உட்கார்ந்து காலை வலைக்குள் விட்டுத் துழாவுகிறது, கம்பியில் வெள்ளை முடி கொத்தாக மாட்டியிருக்கிறது. விரட்டிவிட்டுப் பார்த்தால் முயல் மூலையோடு ஒட்டி நிற்கிறது. எந்நேரமும் துடிக்கிற மூக்கு அசையவே இல்லை. மதியத்துக்குள் போய்விட்டது. உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

தண்டையார்பேட்டை அக்கா:
தம்பி, முடியை விலக்கிப் பார்த்தீர்களா? பயத்திலேயே செத்துப்போகும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் முயலைப் பூனை கவ்வியபோதும் ரத்தம் வரவில்லை, என் மாமியார் துடைப்பத்தால் ஒரு போடு போட்டதும் விட்டுவிட்டு ஓடிவிட்டது. நான் முடியை ஊதி ஊதிப் பார்த்தால் பிடரியில் ஊசி குத்தின மாதிரி ஒரே ஒரு புள்ளி. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினோம். பூனைப் பல்லில் இருக்கிற கிருமி உள்ளே போய்விடும், மேல்தோல் மூடிக்கொள்ளும், அடியில் சீழ் பிடிக்கும் என்றார் டாக்டர். ஊசி போட்டுத்தான் பிழைத்தது. அப்புறம், வீட்டில் இருக்கிற அமாக்ஸிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் மருந்தை வாயில் ஊற்றிவிடாதீர்கள், முயலின் குடல் கெட்டு உயிரே போய்விடும்.

காசிமேட்டுக்காரன்:
எங்கள் பக்கம் பூனைக்கு மீன் தலையே சலித்துப்போயிருக்கும், முயலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வருவதெல்லாம் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, ஏலக்கூடம் வெறிச்சோடிவிடும், பூனையெல்லாம் தெருவுக்குள் வந்துவிடும். போன வருஷம் ஒரு குட்டியை என் கண் முன்னாடியே ஓட்டு மேலே தூக்கிக்கொண்டு போனது. தாய் முயல் காதை நிமிர்த்தி அந்த ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பேசாமல் மருந்து வைத்துவிடலாம் போல இருக்கிறது.

வியாசர்பாடி சார்:
மருந்து வைக்கிற பேச்சே வேண்டாம், 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம், தெரு நாயும் சேர்ந்து சாகும். பசித்த பூனைதான் வரும் என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன், வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். என் வீட்டில் மரக்கட்டைத் தாழ்ப்பாளைப் பூனை காலால் திருப்பித் திறந்தது, அவ்வளவுதான் என் கதை. கோழி வலையைக் கழற்றி எறியுங்கள். அரை அங்குல வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை வாங்கி நாலு பக்கமும் மேலேயும் அடியிலேயும் அடியுங்கள், கூண்டின் மரச்சட்டத்துக்கு உள்பக்கமாக. இரும்புக் கொண்டி போட்டு அதில் ஒரு சின்னப் பூட்டும் மாட்டுங்கள். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி கட்டாயம் வேண்டும், பூனை கண்ணில் படாமல் இருந்தாலே பாதி பயம் போகும். அதற்காகக் கூண்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடாதீர்கள், நம் ஊர் வெயிலில் 30 டிகிரி தாண்டினாலே முயலுக்குத் தாங்காது. தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணி சுற்றி உள்ளே போடுங்கள். இதைவிட நல்லது, இரவில் வீட்டுக்குள் எடுத்துவிடுவது. பூனை வந்துபோன பிறகு தீனியைத் தொடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள். அரை நாள் இரண்டும் இல்லையென்றால் உடனே டாக்டர்தான்.

ராயபுரம் மாடிவீடு:
சார், நான் வழி கேட்கவில்லையே, முயல்தான் போய்விட்டதே. அக்கா, முடியை விலக்கிப் பார்க்கவில்லை.

பெரம்பூர் புதுசு:
எங்கள் ஆண் முயல் நேர்மாறு. கதவு வழியே எட்டிப் பார்த்த குட்டிப் பூனை மேலே உறுமிக்கொண்டே பாய்ந்தது, பூனை செருப்பு ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டது. பெரிய கடுவனாக இருந்தால் என்ன ஆகியிருக்குமோ. சார், அந்த வெல்ட் மெஷ் வடசென்னையில் எங்கே மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்?