'அன்லாக்' என்பதற்குத் 'திற' என்று எழுதினால் போதுமா?

கேள்வி:
ஆங்கிலத்தின் 'ஓபன்', 'அன்லாக்' ஆகிய இரு வினைகளையும் இதுவரை 'திற' என்றே மொழிபெயர்த்து வந்தேன். 'ஷி அன்லாக்ட் த டோர் பட் டிட் நாட் ஓபன் இட்' என்ற வாக்கியத்தில் அது சிக்கலாகிவிட்டது. இதை எவ்வாறு எழுதுவது?

மறுமொழி 1:
'அன்லாக்' என்பது பூட்டின் பிடியை விடுவிப்பதோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகும் கதவு சாத்தியபடியே இருக்கலாம். ஆங்கிலத்தில் அவ்வினைக்குச் செயப்படுபொருளாகப் பெரும்பாலும் கதவோ பெட்டியோ வரும். நாமோ பூட்டையும் திறக்கிறோம், கதவையும் திறக்கிறோம். ஆகவே, 'பூட்டைத் திறந்தாள், ஆனால் கதவைத் திறக்கவில்லை' என்று செயப்படுபொருளை மாற்றினாலே போதும்.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னது சரி, முன்னொட்டையும் கவனியுங்கள். 'அன்ஹேப்பி' என்பதில் உள்ள 'அன்' வெறும் எதிர்மறை. 'அன்லாக்', 'அன்டை', 'அன்பேக்' ஆகியவற்றில் இருப்பதோ முன்பு செய்த செயலைக் கலைப்பதைக் குறிக்கும் வேறொரு முன்னொட்டு. ஜெர்மன் மொழியின் 'என்ட்' அதற்கு உறவு. காலப்போக்கில் இரண்டும் ஓருருவாகிவிட்டதால்தான் 'அன்லாக்கபிள்' என்ற சொல் 'பூட்ட முடியாதது' என்றும் 'பூட்டைத் திறக்கக்கூடியது' என்றும் முரணான இரு பொருள்களைத் தருகிறது. தமிழிலோ முடிச்சை அவிழ்க்கிறோம், பொட்டலத்தைப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருப்பது எனக்கு வசதியாகவே படுகிறது.

மறுமொழி 3:
மறுபக்கத்துச் சிக்கலும் உண்டு. 'குழாயைத் திற' என்பதை 'ஓபன் த டேப்' என்று நம்மில் பலர் சொல்கிறோம்; ஆங்கிலத்தில் அங்கே 'டர்ன் ஆன்' என்பதே இயல்பான வழக்கு.