சிறு நகரின் பொதுக்கலைப் பணம்: உள்ளூர்க் கலைஞருக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

ஓரக்கல்:
கேள்வியை முதலில் வைத்துவிடுகிறேன். ஒரு சிறு நகரம் பொதுக்கலைத் திட்டம் தொடங்குகிறது. நகராட்சி கட்டும் ஒவ்வொரு புதுக் கட்டடத்தின் செலவிலும் ஒரு சதவீதம் சுவரோவியத்துக்கும் சிற்பத்துக்கும் போகும். இந்த விதி புதிதல்ல. பிரான்ஸ் 1951-இல் பள்ளிக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்தது, பிலடெல்பியா 1959-இல், சியாட்டில் 1973-இல். விதியில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதில்தான் சண்டை.

என் கட்சி இது: முழுத் தொகையும் அந்த ஊரில் வசிக்கும் கலைஞர்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும். 'எல்லோரும் வரலாம்' என்று அறிவிப்பார்கள். ஆனால் முதல் நிபந்தனையே 'இதே அளவில் மூன்று பொதுப்பணிகள் முடித்திருக்க வேண்டும்' என்று இருக்கும். சின்ன ஊரில் இருப்பவருக்கு அந்த முதல் பணியை யார் கொடுத்தார்கள்? பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டும், கடைகளுக்குப் பலகை எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். கை நன்றாக இருக்கிறது, காட்டுவதற்குப் பணி இல்லை. அவர்களுடைய சொந்த ஊரே கதவை மூடினால் வேறெங்கே திறக்கும்?

நீலமை:
இதில் நான் முழுக்க எதிர்ப்பக்கம்.

வடகிழக்கு இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்று ஒரு தொழில் நகரம். அங்கே பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த மேட்டில் 1998-இல் 'வடக்கின் தேவதை' என்ற எஃகுச் சிற்பம் எழுந்தது. 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் அகல இறக்கை. செய்த ஆன்டனி கோர்ம்லி லண்டனில் பிறந்தவர். கட்டுவதற்கு முன் உள்ளூரிலேயே கடும் எதிர்ப்பு இருந்தது. இன்று அந்த வட்டாரத்தின் முகமே அதுதான். நீங்கள் சொல்லும் விதி அங்கே இருந்திருந்தால் கோர்ம்லியால் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. சிறு நகரத்தில் பெரிய பணி எடுக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். ஒதுக்கீடு வந்தால் அதே நாலு பேர் மாறி மாறி எடுப்பார்கள். நடுவர் குழுவில் இருப்பவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான். ஐந்து வருடம் கழித்து ஊர் முழுக்க ஒரே கையின் படங்கள் இருக்கும்.

சாரம்:
தேவதையைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் வந்திருக்கிறது. வடிவம் கோர்ம்லியுடையது. சுமார் 200 டன் எஃகை வெட்டி, வளைத்து, பற்றவைத்தது ஹார்ட்டில்பூலில் இருந்த ஒரு பட்டறை. அதே கடற்கரை வட்டாரம்தான். அந்த வேலைக்கான கூலி அந்த வட்டாரத் தொழிலாளர் கைக்குத்தான் போனது. கேட்ஸ்ஹெட் நகராட்சியும் எடுத்தவுடன் தேவதைக்குப் போகவில்லை. 1980-களிலிருந்தே சின்னச் சின்னச் சிற்பங்களை வைத்துப் பழகி, அப்புறம்தான் அந்த அளவுக்கு வந்தது.

கொடிவேலி:
'ஊர்', 'உள்ளூர்' என்று பேசும்போது ஊர் என்பது யார் என்பதையும் பேச வேண்டும்.

1930-களில் அமெரிக்க அரசு அஞ்சலகங்களுக்குச் சுவரோவியம் வரையப் போட்டிகள் நடத்தியது. பெயரை மறைத்து வரைவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் போட்டிகள். 1939-இல் மாநிலத்துக்கு ஒரு அஞ்சலகம் என்று 48 ஊர்களுக்குச் சேர்த்து ஒரு போட்டி வைத்தார்கள். அதில் ஐடஹோ மாநிலத்தின் கெல்லாக் என்ற சுரங்க ஊருக்கு ஃபிளெட்சர் மார்ட்டினின் வரைவு தேர்வானது. அடிபட்ட சுரங்கத் தொழிலாளியைச் சக தொழிலாளர்கள் தூக்கிவரும் காட்சி அது. சுரங்க நிர்வாகத்தினர் எதிர்த்தார்கள். தொழிற்சங்கம் அந்தப் படம்தான் வேண்டும் என்றது. ஜெயித்தது நிர்வாகம். கடைசியில் அஞ்சலகச் சுவருக்கு வந்தது, அந்த வட்டாரத்தில் தாது கண்டுபிடிக்கப்பட்ட கதை.

இரண்டு தரப்பும் உள்ளூர்தான். 'ஊர் மக்கள் விரும்பவில்லை' என்று மேலிடத்துக்குப் போன சேதி ஒரு தரப்பின் சேதி. ஓரக்கல் கேட்கும் ஒதுக்கீட்டில் எனக்குள்ள பயமும் இதுதான். ஊர்ப் பெரிய மனிதரின் கம்பெனியில் பிழைக்கும் ஓவியர், அந்த மனிதருக்குப் பிடிக்காததை வரைவாரா? வெளியிலிருந்து வந்தவர் வரைந்துவிட்டுப் போய்விடலாம். உள்ளூர்க்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

ஓரக்கல்:
நல்ல உதாரணம். ஆனால் அது எனக்குத்தான் சாதகம் என்று நினைக்கிறேன். மார்ட்டின் வெளியாள்தானே? பணிந்தது அவர்தான், வரைவை மாற்றிக் கொடுத்தார். வெளியாள் என்பதால் தைரியம் கூடவில்லை. அந்த ஓவியத்துக்காக வாதாடியது அங்கே வாழ்ந்த தொழிலாளர்கள்.

மக்கள் கருத்தை எப்போது கேட்கிறோம் என்பதையும் பாருங்கள். நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 'சாய்ந்த வில்' 1981-இல் அரசு அலுவலக வளாகத்தில் நின்றது. 36 மீட்டருக்கும் மேல் நீளமான எஃகுச் சுவர், முற்றத்தைக் குறுக்கே அடைத்துக்கொண்டு. அங்கே வேலை பார்த்தவர்கள் முதல் நாளிலிருந்தே முணுமுணுத்தார்கள். மக்கள் கருத்தைக் கேட்கும் விசாரணை நடந்தது 1985-இல்! பேசியவர்களில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். அப்படியும் 1989-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். எஃகு வருவதற்கு முன் அந்த முற்றத்தில் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டவர்களிடம் பேசியிருந்தால் செர்ராவின் வேலையும் பிழைத்திருக்கும். இப்படிப் பேசுவது அங்கேயே இருக்கும் கலைஞருக்குத்தான் எளிது.

சாரம்:
நான் சுவரில் ஏறி வேலை செய்கிறவன். ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன், உள்ளூர் ஆள் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார் என்று சொல்கிறேன்.

பத்து மீட்டர் உயரச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, சுவரைத் தட்டிப் பார்ப்பது. பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. அதைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். ஈரம் ஏறும் சுவரில் உப்புப் பூக்கும். அதன்மேல் எவ்வளவு உயர்ந்த அக்ரிலிக் அடித்தாலும் செதில் செதிலாக உரிந்துவிடும். ஆகவே கசிவை அடைக்கும் செலவு. பிறகு கழுவுதல், பிரைமர், உயரத்தூக்கி வாடகை, பெயிண்ட், மேல்பூச்சு, விபத்துக் காப்பீடு. எல்லாம் போக மிஞ்சுவது கூலி. அறிவிப்பில் ஒரே தொகையாகப் போட்டு, 'பணி முடிந்த பின் வழங்கப்படும்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆள்பலம் உள்ள ஸ்டூடியோ தாங்கும். தனி ஆள் வாடகைக்கே முன்பணம் கட்ட முடியாமல் நின்றுவிடுகிறார். திறமைக் குறைவால் நிற்பதில்லை.

அடுத்தது இலவச வரைவு. என்னிடமே ஒரு நகராட்சி முழு வண்ண வரைவு, அளவுக் குறிப்பு, செலவுப் பட்டியல் எல்லாம் கேட்டு வாங்கியது. பணி வேறொருவருக்குப் போனது, அதில் வருத்தமில்லை. ஆனால் வரைவுக்கு ஒரு காசு கிடையாது. பத்துப் பேரை இப்படி வேலை வாங்கி ஒருவருக்கு மட்டும் காசு கொடுப்பது எந்தத் தொழிலிலும் நியாயமில்லை. முதல் சுற்றில் பழைய வேலைகளின் படமும் ஒரு பக்கக் கடிதமும் போதும். அதிலிருந்து மூன்று நான்கு பேரைப் பொறுக்கி, அவர்களுக்குக் காசு கொடுத்து வரைவு கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் திட்டங்களில் இதுதான் வழக்கம்.

நீலமை:
சாரம் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: முன்பணம், வரைவுக்கூலி, நியாயமான தகுதி நிபந்தனை இவை மூன்றும் வந்துவிட்டால் ஒதுக்கீடு எதற்கு? உள்ளூர்க்காரர் போட்டியிலேயே ஜெயிக்கலாம். 'வெளியாள் வரமுடியாது என்பதால் கிடைத்தது' என்ற பேச்சும் அவர் தலையில் விழாது.

ஓரக்கல்:
ஏனென்றால் நடுவர் மேசையில் இரண்டு போர்ட்ஃபோலியோக்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்றில் ஆறு நாடுகளில் செய்த பணிகள் பளபளவென்று. இன்னொன்றில் ஒரு பள்ளிச் சுவரும் நாலு கான்வாஸும். பாதுகாப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பயத்தில் எந்த அதிகாரியும் முதலாவதைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, கணக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்தப் பயத்தை உடைக்கத்தான் விதி வேண்டும்.

கணக்கு:
உள்ளாட்சி வரவுசெலவு பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. யாரும் பராமரிப்பைத் தொடவில்லை. வெயிலில் சிவப்பும் மஞ்சளும்தான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும், நீலம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சில வருடங்களில் முகங்களெல்லாம் நீலம் பாரித்து நிற்கும். திறப்பு விழாவுக்குப் பணம் இருக்கும், மறுபூச்சுக்கு இருக்காது.

கனடாவின் செமேனஸ் சின்ன மரஅறுவை ஊர். ஆலை மூடப்படும் என்ற நிலையில் 1982-இல் சுவரோவியங்களைத் தொடங்கியது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட சுவர்கள், சுற்றுலா ஒரு முக்கியப் பிழைப்பு. வரைந்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள் என்பது நீலமையின் கட்சிக்கு உதவும். ஆனால் நாற்பது சுவர் என்பது ஓயாத பராமரிப்பு வேலை. ஏணியோடு உடனே வரக்கூடியவர் பக்கத்தில் இருப்பவர்தான். ஒவ்வொரு பணியின் தொகையிலும் ஒரு பங்கைப் பராமரிப்புக் கணக்கில் தனியாகப் போட்டு, அந்த வேலையை உள்ளூர்க் கலைஞருக்கு வருடாந்திர ஒப்பந்தமாகக் கொடுங்கள். பெயர் வராத வேலைதான், ஆனால் மாதச் சம்பளம் வரும்.

கொடிவேலி:
அந்த ஒப்பந்தத்தில் அகற்றும் விதியையும் எழுதிக்கொள்ளுங்கள். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அவரைக் கேட்காமலே கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், துண்டுகள் சேதமாயின. படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கப் படைப்பாளருக்கு உரிமை தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவை வைத்து அவர் போராடி, 2005-இல்தான் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் சொன்னது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே இந்தப் பாடு. முதல் பணி செய்யும் இளைஞரால் நீதிமன்றம் ஏற முடியுமா? 'அகற்றுவதற்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எடுத்துச்செல்ல அவகாசம் தர வேண்டும்' என்று இரண்டு வரி போதும்.

சாரம்:
ஓரக்கல் சொன்ன 'முதல் பணி' சிக்கலுக்கு ஒரு வழி. பிலடெல்பியா சுவரோவியத் திட்டத்தில் மெல்லிய, நெய்யாத துணியில் பகுதி பகுதியாக வரைந்து, பிறகு அக்ரிலிக் ஜெல் தடவிச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஒட்டிய பின் துணி என்றே தெரியாது. சாரக்கட்டில் ஏற முடியாத முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சிறையில் இருப்பவர்களும்கூட அதில் வரைந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பெரிய கலைஞர் வந்தால், கூடவே சம்பளத்தோடு உள்ளூர் உதவியாளர்கள் இருவர் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். கட்டம் பிரிப்பது, துணி ஒட்டுவது, மேல்பூச்சு எல்லாம் கற்றுக்கொள்வார்கள். அடுத்த அறிவிப்பில் அதுவே தகுதியாகட்டும்.

நீலமை:
இதற்கு நான் சம்மதம். தெருமுனை மின்பெட்டிகள், நிழற்குடைகள், சுரங்கப்பாதைச் சுவர்கள் போன்ற சின்னப் பணிகளை உள்ளூருக்கே விடலாம், உதவியாளர் விதியும் வரட்டும். ஆனால் மைய இடத்தில் வரும் ஒரு பெரிய பணி திறந்த போட்டியில்தான் போக வேண்டும். அதில் இறங்கிவர மாட்டேன்.

ஓரக்கல்:
அப்படியானால் உள்ளூருக்கு மின்பெட்டி, வெளியாளுக்கு ஊரின் மையம் என்றாகிறது. கலைஞர் அந்தத் தரம்பிரிப்பை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும். முழு ஒதுக்கீட்டை விடுகிறேன். மூன்று பெரிய பணிகள் வந்தால் ஒன்றாவது உள்ளூருக்கு என்று எழுதுங்கள், மற்ற இரண்டுக்கும் போட்டி வையுங்கள்.

கணக்கு:
மூன்றில் ஒன்று என்று எழுதும்போது 'உள்ளூர்' என்பதற்கு எல்லையும் எழுத வேண்டும். அங்கேயே பிறந்து பெருநகரத்தில் வாடகைக்கு இருப்பவர் உள்ளூரா? போன வருடம் குடிவந்தவர்? முகவரிச் சான்று மட்டும் கேட்டால் பட்டறை ஒரு இடம், வீடு ஒரு இடம் என்று இருப்பவர்கள் அடிபடுவார்கள். என் யோசனை: வசிப்பிடம் அல்லது பணியிடம், இரண்டில் ஒன்று இரண்டு வருடமாக ஊர் எல்லைக்குள் இருந்தால் போதும்.

ஓரக்கல்:
பிறந்தவர்களையும் சேர்க்க வேண்டும். வாய்ப்பு இல்லாததால்தானே வெளியே போனார்கள்.

நீலமை:
அதை மட்டும் சேர்த்தால் நான் கையெழுத்துப் போடுகிறேன். அவர்கள் இரண்டு ஊரையும் பார்த்தவர்கள்.